மகஜருக்குக் கையெழுத்தும், சிங்களம் தெரிந்த ஒருவரும் வேணும்

வணக்கம் அக்காமார், அண்ணாமார். பெண்கள் மீதான வன்முறையை நிறுத்த அரசாங்கம் இறங்கி வேலை செய்யக் கேட்டு, நவம்பர் 25 அன்று திருகோணமலைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மகஜர், அதாவது கையெழுத்திட்ட கோரிக்கை மனு, கொடுக்கப் போகிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸாரே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். நடப்பது வேறு. போன மாதம் அக்கா ஒருவருடன் பொலிஸ் நிலையத்துக்கு முறைப்பாடு எழுதப் போனேன். வீங்கிய கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருந்தார். கடைசியில், வீட்டுப் பிரச்சினைதானே, சமாதானமாகப் போங்கள் என்றார்கள். அதுவும் சிங்களத்தில்; என் அரைகுறைச் சிங்களம்தான் மொழிபெயர்ப்பு.

ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் எந்நேரமும் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் வேண்டும். அதுதான் முதல் கோரிக்கை.

சரி, உதவிக்கு வருகிறேன். மகஜரைப் பிழையில்லாமல் சிங்களத்தில் எழுத ஒருவர், சட்டம் படித்த யாராவது ஒருமுறை வாசித்துப் பார்க்க, அப்புறம் மூதூர், கிண்ணியா, தம்பலகாமத்தில் கையெழுத்து வாங்க ஆட்கள். ஆண்களும் வாங்கோ, வாசலில் நின்று பேச நீங்களும் தேவை. முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள். யாருக்காவது அவசரமென்றால் மகஜரைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் 1938 பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.