ஆடி மாதம் ஆரி வேலை டல் – புதுப்பிப்பு

ஆடியில் முகூர்த்தம் இல்லை, கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே செய்யும் ஆரி (கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி) பிளவுஸ் வேலை படுத்துவிட்டது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா, அதன் அப்டேட். கூலியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அதைச் செய்யவில்லை; ஒருமுறை இறக்கினால் ஆவணியில் ஏற்றவே விடமாட்டார்கள், நம் ஊர் அக்காக்களைத் தெரியாதா! அதற்குப் பதில் ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் வீடுகளுக்குப் போன் போட்டு, இப்போதே துணியும் பாதி முன்பணமும் கொடுத்தால் பழைய கூலிதான், ஆவணி பிறந்துவிட்டால் அவசரக் கூலி என்றேன். நாலைந்து பேர் வந்தார்கள். பதினெட்டாம் பெருக்குப் புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்தது கரண்ட் பில்லுக்கு ஆச்சு. முன்பணத்தில் ஜரி நூல், மணி வாங்கியது போக மீதியைத் தொடவில்லை. அப்புறம், மார்கழிக்கும் இதேதான், தை முகூர்த்த ஆர்டரைக் கார்த்திகையிலேயே பிடிக்கணும்.