பாப்பாவுக்கு ஜி.என்.எம்மா, பி.எஸ்சியா?

அப்பா: பாப்பா மார்க் ஷீட் வந்தாச்சு. நர்சிங்தான்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. 3 வருஷ ஜி.என்.எம் டிப்ளமோவா, 4 வருஷ பி.எஸ்சியா? ஆளாளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.

பெரியப்பா: டிப்ளமோ போதும்டா. ஒரு வருஷம் முன்னாடியே சம்பளம் கைக்கு வந்துரும். ஊசி போடுறப்ப டிகிரி இருக்கான்னு எந்த பேஷண்ட் கேக்கப் போறான்?

அம்மா: எனக்கும் அதான் தோணுது.

சித்தி: *ஃபார்வர்டு செய்யப்பட்டது* "ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம்! 10ஆம் வகுப்பு போதும்! வேலை உறுதி!!"

அண்ணன்: சித்தி 🙏 நீங்க குட் மார்னிங் மட்டும் அனுப்புங்க.

சித்தி: போடா. தெரிஞ்சவங்கதான் அனுப்புனாங்க.

நான் (பாப்பா): அண்ணி எங்க? அவங்கதானே நர்ஸ், அவங்க சொல்லட்டும்.

அண்ணன்: நைட் டியூட்டி. தூங்குறா. எழுந்ததும் வருவா.

அண்ணி: எழுந்துட்டேன். இத்தனை மெசேஜா!
முதல்ல சின்னத்தை அனுப்புனது. அது நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸ். முடிச்சுட்டு வந்தா ஸ்டேட் நர்சிங் கவுன்சில்ல பதிய முடியாது. பதிவு எண் இல்லாட்டி அரசு நர்ஸ் வேலைக்கு அப்ளிகேஷனே போட முடியாது. உதவியாளர் வேலைன்னு தெரிஞ்சு படிச்சா தப்பில்ல. நர்ஸ்னு நம்பிப் பணம் கட்டுறதுதான் பாவம்.

சித்தி: அய்யய்யோ. சரிம்மா.

அண்ணி: பெரிய மாமா சொன்னது பாதி நிஜம். வார்டுல ரெண்டு பேரும் சிஸ்டர்தான், ஒரே ஷிஃப்ட், அதே டிரிப், அதே ஹேண்ட் ஓவர். தமிழ்நாட்டுல அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்குற எம்.ஆர்.பி நர்ஸ் தேர்வுக்கும் டிப்ளமோ, டிகிரி ரெண்டுமே செல்லும்.
ஆனா எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கு வைக்கிற நார்செட் தேர்வுல பாருங்க. பி.எஸ்சி முடிச்சுப் பதிஞ்சவ நேரா எழுதலாம். ஜி.என்.எம் ஆளுன்னா 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரில 2 வருஷம் வேலை பார்த்த சான்றிதழும் வேணும். என் செட்ல ஒருத்தி சின்ன நர்சிங் ஹோம்ல மாடா உழைச்சா. மொத்தம் 30 பெட். அந்த அனுபவம் கணக்குலயே வரல.

பெரியப்பா: இது எனக்குத் தெரியாதும்மா.

அப்பா: டிப்ளமோ முடிச்சுட்டு அப்புறமா டிகிரி வாங்கலாமே?

அண்ணி: வாங்கலாம் மாமா, போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 வருஷம். 3+2, ஆக 5. நேரா போனா 4. ரெகுலர் காலேஜ் அது, பெரும்பாலும் வேலையை விட்டுட்டுத்தான் போகணும். சம்பளம் வாங்கிப் பழகுன பிறகு திரும்ப பெஞ்சுல உக்கார வீட்ல ஒத்துக்கணும். என்னை மாதிரி ஜி.என்.எம் படிச்ச எத்தனையோ பேர் "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்"னு தள்ளிப் போட்டுட்டே இருக்கோம்.
எம்.எஸ்சிக்குப் போகவும், காலேஜ்ல பாடம் நடத்தவும் டிகிரி இல்லாம முடியாது. பி.எஸ்சிக்கப்புறம் 1 வருஷம் வேலை பார்த்துட்டு எம்.எஸ்சி 2 வருஷம்.

மாமா (லண்டன்): இங்க டிப்ளமோ முடிச்சவங்களும் வந்திருக்காங்க. யாரா இருந்தாலும் ஐ.இ.எல்.டி.எஸ் இல்லாட்டி ஓ.இ.டின்னு ஒரு இங்கிலீஷ் டெஸ்ட், அப்புறம் சி.பி.டிங்குற கம்ப்யூட்டர் தேர்வு, ஆஸ்கிங்குற செய்முறைத் தேர்வு பாஸ் பண்ணணும். பாப்பா, இங்கிலீஷை இப்பவே பிடிச்சுக்கோ.

நான்: சரி மாமா 😬

அப்பா: எல்லாம் சரி. அடுத்து சின்னவன் காலேஜ் வேற நிக்குது. 4 வருஷ ஃபீஸை நினைச்சாதான்...

அண்ணி: அதுக்குத்தான் மாமா கவுன்சலிங்கை விட்டுறாதீங்கன்னு சொல்றேன். பாப்பா பயாலஜி குரூப். மாநில செலக்‌ஷன் கமிட்டி பி.எஸ்சி நர்சிங்குக்கு ரேங்க் போடுறது பிளஸ் டூ மார்க்கை வெச்சு. அரசு காலேஜ் கிடைச்சா ஃபீஸ் பெரிய சுமையா இருக்காது. தனியார்ல அரசு ஒதுக்கீட்டு சீட்டும் இருக்கு. ஏஜென்ட் எவனாவது "சீட் வாங்கித் தர்றேன், அட்வான்ஸ் கொடுங்க"ன்னா போனை வெச்சுடுங்க.
நீட் எழுதினியா பாப்பா?

நான்: இல்ல அண்ணி.

அண்ணி: அப்ப ஜிப்மரும் ராணுவ நர்சிங்கும் இந்த வருஷம் இல்ல, அங்க நீட் ஸ்கோர் கேப்பாங்க. எய்ம்ஸ் பி.எஸ்சிக்குத் தனி நுழைவுத் தேர்வு.

அம்மா: பக்கத்துலயே ஒரு தனியார் காலேஜ் இருக்கே, பஸ் வாசலுக்கே வருதாம்.

அண்ணி: பஸ்ஸை விடுங்கத்தை, ஆஸ்பத்திரி இருக்கா? சொந்த ஆஸ்பத்திரி இல்லாட்டி பிள்ளைங்களை வேற எங்கயோ கூட்டிட்டுப் போய் ஓரமா நிக்க வெப்பாங்க. போய்ப் பாக்கும்போது பிரின்சிபால் ரூம்ல உக்காராதீங்க. ஃபைனல் இயர் பொண்ணு ஒருத்தியைப் பிடிச்சு, "பிரசவம் நீயே பார்த்தியா, கேஸ் புக்ல கையெழுத்து மட்டும் வாங்கினியா?"ன்னு கேளுங்க. அவ முகத்துலயே தெரிஞ்சுரும். இந்திய நர்சிங் கவுன்சில், ஸ்டேட் கவுன்சில், எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகம், மூணுலயும் காலேஜ் பேர் இருக்கான்னும் பாத்துடணும்.

பெரியப்பா: நான் கூட வர்றேன்டா. கேள்வி கேக்குறதுக்கு ஆள் வேணும்ல.

அண்ணன்: அந்தப் பொண்ணு பயந்து ஓடிரும் பெரியப்பா 😂

அப்பா: சரி. பி.எஸ்சி கவுன்சலிங்குக்குப் போடுறோம். அரசு டிப்ளமோ அறிவிப்பு வந்தா அதுக்கும் சேர்த்துப் போட்டு வெப்போம். பி.எஸ்சில நல்ல இடம் கிடைக்கலைன்னா அரசு ஜி.என்.எம். என்ன பாப்பா?

நான்: ஓகேப்பா. கண்ட தனியார் பி.எஸ்சிக்கு அரசு ஜி.என்.எம்மே மேல்.

அண்ணி: 👍 நானா இருந்தாலும் அதான் செய்வேன்.

சித்தி: எங்க வீட்டுப் பெரியவ காமர்ஸ் குரூப். அவளும் நர்சிங் நர்சிங்ங்குறா. அவளுக்கு வழியே இல்லையா?

அண்ணி: பி.எஸ்சி முடியாது சின்னத்தை, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி வேணும். ஜி.என்.எம்முக்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எந்த குரூப்னாலும் மொத்தத்துலயும் இங்கிலீஷ்லயும் 40% எடுத்திருந்தா போதும். ஆனா சேரப் போற இடத்து அறிவிப்புல என்ன குரூப் கேக்குறாங்கன்னு பாத்துட்டுத்தான் அப்ளை பண்ணணும். ஏ.என்.எம்னு இன்னொரு கோர்ஸ் இருக்கு, 2 வருஷம், அதுக்கும் பிளஸ் டூ எந்த குரூப்பும் ஓகே. கிராமத்துல தாய் சேய் வேலை, பொண்ணுங்களுக்கு மட்டும். அவளையே சாயங்காலம் என்கிட்ட பேசச் சொல்லுங்க. இப்ப இன்னும் ரெண்டு மணி நேரம் தூங்கிக்கிறேன்.

சித்தி: தூங்குமா தூங்கு. நான் அந்த விளம்பரத்தை அழிச்சுடுறேன். இது எனக்கு மட்டும் அழியுதா, எல்லாருக்கும் அழியுதா?

அண்ணன்: உங்களுக்கு மட்டும் அழிஞ்சிருக்கு சித்தி 🤦