புதுப்பிப்பு: அந்தப் பச்சை மடிக்கணினி, ஒரு மாதம் கழித்து

போன மாதம், நண்பர் கொடுத்த எக்ஸ்ஓ-1 மடிக்கணினியை ‘வெறும் விளையாட்டுச் சாமான்’ என்று எழுதியிருந்தேன். ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காக 2007இல் வந்த, ‘நூறு டாலர் மடிக்கணினி’ என்று பேர் வாங்கிய அதேதான். (விலை நூறுக்கு இறங்கவேயில்லை, இருநூறுக்குப் பக்கம் போனது.) சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

திரைதான் காரணம். சனிக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில், உச்சி வெயிலில் என் கைப்பேசியில் ஒன்றும் தெரியவில்லை. இதிலோ பின்விளக்கை அணைத்ததும் திரை கறுப்பு வெள்ளையாகி, எழுத்து அச்சடித்த தாள் மாதிரி நின்றது. “சித்தப்பா, இது புத்தகமா?” என்றாள் அண்ணன் மகள். முயல் காது போன்ற ஆன்டெனாக்களை மடக்கினால் யுஎஸ்பி துளைகளும் மூடிக்கொள்கின்றன. மணல் உள்ளே போகவில்லை.

விசைப்பலகை விஷயத்தில் மாற்றமில்லை. ரப்பர் விசைகள் எட்டு வயது விரலுக்குச் சரி; எனக்கு ஒரே தட்டில் இரண்டு அமுங்குகின்றன. வேகமா? நினைவகமே 256 எம்பி. உலாவியைத் திறந்துவிட்டு, கீழே இறங்கி ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) வாங்கி வரலாம்.

பேட்டரி பற்றிக் கேட்டவருக்கு: பழசு, ஒரு மணி நேரம்தான் நிற்கிறது. அப்புறம், கணினி இப்போது என்னிடம் இல்லை, அண்ணன் மகளிடம்தான்.