'சரண் நாங்களே' சொன்னவன் நாத்திகனா, இல்லையா?

கறுப்புத்துணி:
பக்கத்து இழையில் நம்ம 'அடியேன்'ங்கிறவர் எழுதியிருக்கிறது இது: "நம்பிக்கை இல்லாதவன் கம்பனை ரசிக்கிறேன் என்பது, ஜலதோஷம் பிடித்தவன் மல்லிகைப்பூவை மெச்சுகிற கதை." அதுக்கு 18 பேர் கைதட்டு வேற. அங்க பதில் போட்டா அரை மணி நேரத்துல காணாமப் போகும்னு தெரியும், அதனால தனி இழை.

நான் கடவுள் இல்லைன்னு சொல்றவன். எங்க வீட்டுல பூசை அறை கிடையாது. அந்த மூலையில ஆறு காண்டமும் அடுக்கி வச்சிருக்கேன். போன மாசம் நெல்லை எக்ஸ்பிரஸ்ல பக்கவாட்டு மேல் பர்த்ல படுத்துக்கிட்டு, செல்போன் வெளிச்சத்துல குகன் கட்டம் படிச்சேன். பரதன் படையோட வர்றான், ராமனைக் கொல்லத்தான் வர்றான்னு தப்பா நினைச்சு குகன் கொதிக்கிற இடம். "தோழமை என்றவர் சொல்லிய சொல் ஒரு சொல் அன்றோ." அதுக்கு மேல எழுத்து தெரியல. மூக்கை உறிஞ்சினதைக் கேட்டு கீழ இருந்த அம்மா, "தம்பி, விக்ஸ் வேணுமா?"ன்னு நீட்டினாங்க. ஜலதோஷம்தான் போல!

அந்தப் பாட்டுல கடவுள் எங்க இருக்கார்? ஒரு படகுக்காரன், ஒரு சிநேகிதன், கொடுத்த ஒரு வாக்கு. அவ்வளவுதான்.

அடியேன்:
விக்ஸ் வாங்கிக்கொண்டீரோ இல்லையோ? ஸ்வாமி, ஒரே ஒரு கேள்வி. நூலை முதல் பாட்டிலிருந்து தொடங்கினீரா, இல்லை நேரே கங்கைக் கரைக்குப் போய்விட்டீரா? "தலைவர் அன்னவர்க்கே சரண் நாங்களே" என்று வாய்விட்டுச் சொன்னீரா? சொன்னால் நீர் நாத்திகர் இல்லை. சொல்லவில்லை என்றால் நீர் கம்பன் வீட்டுக்குள் வரவேயில்லை, ஜன்னலில் எட்டிப் பார்த்தீர். இரண்டில் எது?

கறுப்புத்துணி:
வாய்விட்டே சொன்னேன். அந்த ஓசைக்காகவே நாலு தடவை சொன்னேன். சரணடைஞ்சது கம்பன், படிச்சது நான். கூத்துல ராஜா வேஷம் கட்டினவன் மறுநாள் காலையில வரி வசூலிக்கக் கிளம்புவானா?

பொருநைக்கரை:
32 ஆண்டு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் நடத்தியவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். இருவருமே சொல்லைப் பார்க்கவில்லை. கம்பன் "நாம்" என்று சொல்லவில்லை, "நாங்கள்" என்கிறான். "நாம சாப்பிடப் போலாம்" என்றால் நீயும் வா என்று பொருள். "நாங்க சாப்பிடப் போறோம்" என்றால் உனக்கு இலை இல்லை என்று பொருள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இன்னொன்று: கம்பன் இங்கே இறைவனை நேர் நிறுத்திப் பேசவில்லை. "அன்னவர்" படர்க்கை. அப்படியானால் எதிரே இருப்பவன் யார்? படிக்கிறவன். அவனை உளப்படுத்தாமல்தான் சரண் சொல்லியிருக்கிறான். ஆகவே கறுப்புத்துணி தாராளமாகச் சொல்லலாம், ஒட்டாது. வழக்கு முடிந்தது.

காயல்காற்று:
வழக்குன்னதும் நீதிபதி ஞாபகம் வருது சார். நாகூர்ல பிறந்த மு.மு. இஸ்மாயில். சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியா, சென்னைக் கம்பன் கழகத் தலைவரா இருந்தவர். வாலி வதத்துக்கு மட்டும் தனிப் புத்தகம் போட்டவர். அதுக்காக மார்க்கத்தை விட்டாரா? மார்க்கத்துக்காகக் கம்பனை விட்டாரா? எங்க வாப்பா கடையில கல்லாவுக்குக் கீழ நபிகள் நாயகம் கதையைப் பாடுற சீறாப்புராணமும் கம்பராமாயணமும் ஒண்ணு மேல ஒண்ணா கிடக்கும். சீறாவுல உமறுப்புலவர் அரபு நாட்டைப் பாடினா, வயலும் உழவருமா அப்படியே நம்ம ஊரு மருத நிலம். அதெல்லாம் கம்பன் வீட்டு விதைநெல்லுடான்னு வாப்பா சிரிப்பாங்க.

சண்டைக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன், ரசிக்கிறதுன்னா என்னன்னு யாராவது சொல்லிட்டு ஆரம்பிங்களேன்.

அடியேன்:
இஸ்மாயில் சங்கதி வேறு. அவர் இறைவன் உண்டு என்றவர். முதல் பாட்டில் கம்பன் எந்தப் பெயரும் சொல்லவில்லையே, அவருக்குத் தடையில்லை. இவருக்கு அந்த நாற்காலியே காலி. காலி நாற்காலிக்குச் சரண் சொல்வது எப்படி?

கறுப்புத்துணி:
ஓஹோ, இப்ப பெயர் முக்கியம் இல்லையா? போன வைகுண்ட ஏகாதசிக்கு நடராஜர் படம் போட்ட ஒருத்தரைக் குழுவை விட்டுத் தூக்கின கை எதுங்க?

சரி, ஜீவா? பொதுவுடைமைக் கட்சியில ஜெயிலுக்குப் போன மனுஷன், காரைக்குடிக் கம்பன் விழா மேடை ஏறி கூட்டத்தைக் கட்டிப்போட்டார். அவருக்கும் ஜலதோஷமா?

தீப்பந்தம்:
தோழர் கறுப்புத்துணிக்கு ஒரு வார்த்தை. ரயில்ல அழுததை ஏதோ பதக்கம் மாதிரி காட்டுறீங்க. 1943ல அண்ணா சென்னை சட்டக் கல்லூரியில ரா.பி. சேதுப்பிள்ளையோடயும், சேலத்துல நாவலர் சோமசுந்தர பாரதியாரோடயும் எதுக்கு கம்பராமாயணத்தை எதிர்த்து மேடை போட்டு வாதாடினார்? கம்பன் தமிழ் மோசம்னா? இல்ல. தமிழ் இனிக்குது, அதான் ஆபத்துன்னு. கசப்பா இருந்தா எவனும் குடிக்க மாட்டான். நீங்க குடிச்சிட்டு டம்ளர் அழகுங்கிறீங்க.

காயல்காற்று:
அதே அண்ணா முதலமைச்சரா இருந்தப்பதான், 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவுல கம்பருக்குச் சிலை வச்சாங்க. கம்பனைத் தாக்கிக் 'கம்பரசம்' புத்தகம் எழுதின அதே கை.

தீப்பந்தம்:
சிலை வச்சா ரசிச்சதா அர்த்தமா? அதே கடற்கரை வரிசையில வீரமாமுனிவர் இருக்கார், போப் இருக்கார், கால்டுவெல் இருக்கார். அப்ப அண்ணா ஞானஸ்நானம் வாங்கிட்டாரா?

காயல்காற்று:
அதைத்தானே நாங்களும் சொல்றோம்!

பொருநைக்கரை:
பார்த்தீர்களா? "நாங்களும்" என்று எழுதிவிட்டீர்கள். என்னைச் சேர்க்கவில்லை. தமிழன் வாயில் இது தானாக வரும். கம்பன் வாயில் மட்டும் தவறி வந்துவிடுமா?

அடியேன்:
வாத்தியாருக்கு ஒரு பாசுரம். "ஓங்கி உலகளந்த உத்தமன் பேர் பாடி நாங்கள் நம் பாவைக்குச் சாற்றி நீராடினால்." ஒரே மூச்சில் நாங்கள், நம் இரண்டும். ஆண்டாள் கம்பனுக்கு முந்தியவள். உங்கள் சாப்பாட்டுக்கடை இலக்கணம் இங்கே எந்த இலையில் உட்காரும்?

பொருநைக்கரை:
மார்கழி தவறாமல் சொல்லிக்கொடுத்த பாசுரத்தை எனக்கே சொல்கிறீர்கள். "நாங்கள்" நீராடப் போகும் பெண்கள். "நம் பாவை" ஊருக்கே பொதுவான பாவை. அதனால்தானே அடுத்து "நாடெல்லாம்" மும்மாரி? என் கட்சிக்குச் சாட்சி தேடிக் கொடுத்ததற்கு நன்றி. தொல்காப்பியத்தில் யாம், நாம் என்றுதான் இருக்கும், "நாங்கள்" பின்னால் வந்தது. பின்னால் வந்த சொல்லை ஒரு மகாகவி காரணம் இல்லாமல் முதல் பாட்டின் கடைசிச் சீரில் வைப்பானா? அதிலும் "நாங்களே". பிரிநிலை ஏகாரம். நாங்கள் மட்டும் என்று பொருள்.

அடியேன்:
பிரிநிலை "அன்னவர்க்கே" என்பதில் ஐயா. "நாங்களே" வெறும் ஈற்றசை. பாட்டு முடிவதற்காக வந்த ஏ. நன்னூலைப் புரட்டிப் பாரும்.

பொருநைக்கரை:
நன்னூலைப் புரட்டச் சொல்லும் கைக்கு முதலில் ஒரு கணக்கு இருக்கிறது. வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் எழுதிய கம்பராமாயண உரை, அயோத்தியா காண்டம், என்னுடைய பிரதி. பொங்கல் விடுமுறைக்குள் தருகிறேன் என்று வாங்கிப் போனது. மூன்றாவது பொங்கல் வருகிறது.

அடியேன்:
அது பாதி கரையான் தின்றே என் கைக்கு வந்தது. சபையில் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன்.

கறுப்புத்துணி:
புத்தகப் பஞ்சாயத்தை அப்புறம் வச்சுக்கங்க. வாலி விஷயத்துக்கு யாரும் வரல. மத்த குற்றச்சாட்டுக்கெல்லாம் ராமனே பதில் சொல்றான். "எதுக்கு மறைஞ்சு நின்னு எய்தே?"ன்னு வாலி கேட்டதும் பேசுறது இலக்குவன். உன் தம்பி முதல்ல வந்து சரண் புகுந்துட்டான், எதிர்ல வந்து நின்னா நீயும் அடைக்கலம்னு சொல்லிடுவே, அதான் மறைஞ்சு எய்தார்ங்கிறான். எனக்கு இது சப்பைக்கட்டாத்தான் படுது. ஆனா அந்தச் சப்பைக்கட்டை ராமன் வாயில வைக்காம தம்பி வாயில வச்சான் பாருங்க, அங்கதான் நான் கம்பன்கிட்ட விழுந்தேன். பக்தர்கள் அந்த இடத்தைக் கைகூப்பிக்கிட்டே தாண்டிடுறாங்க. நான் அங்கேயே நிக்கிறேன். யார் ரசிகன்?

அடியேன்:
"விழுந்தேன்" என்று நீரே எழுதிவிட்டீர். சரணாகதி என்றால் வேறென்ன?

தீப்பந்தம்:
நான் சொன்னேனா இல்லையா, தோழர்? இப்படித்தான் ஆரம்பிக்கும். அடுத்த பங்குனி அத்தத்துக்கு நாட்டரசன்கோட்டையில மாலையோட நிப்பீங்க.

கறுப்புத்துணி:
நின்னா என்ன? கம்பன் சமாதிக்குத்தானே. மனுஷனுக்கு மாலை போடக் கூடாதுன்னு எந்தத் தீர்மானத்துல இருக்கு? நீங்க முதல்ல ஒரு காண்டம் படிச்சிட்டு வாங்க.

தீப்பந்தம்:
விஷத்தைக் குடிச்சுப் பாத்துட்டுத்தான் விஷம்னு சொல்லணுமா?

கறுப்புத்துணி:
அப்ப கம்பரசம் எழுதினவர் குடிக்காமலா எழுதினார்?

தீப்பந்தம்:
அவர் அண்ணா. நீங்க பக்கவாட்டு மேல் பர்த்.

காயல்காற்று:
ரசிக்கிறதுன்னா என்னன்னு ரெண்டாவது தடவையா கேட்டுக்கிறேன்.

பொருநைக்கரை:
அதற்கெல்லாம் பிறகு வருவோம். ஏகாரம் ஆறு வகை: பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை. ஒவ்வொன்றாக எடுத்து, "நாங்களே" ஏன் ஈற்றசை ஆகாது என்று நாளை எழுதுகிறேன். கூட்டம் கலைய வேண்டாம். நாங்கள் என்றால் நாங்கள்தான்.

அடியேன்:
எழுதும். கூடவே பார்சல் செலவு யாருடையது என்பதையும் எழுதும். காண்டத்தைக் கட்டி வைத்துவிட்டேன்.

பொருநைக்கரை:
குகன் வரும் பக்கங்கள் மிச்சம் இருக்கின்றனவா என்று பிரித்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். செலவு வாங்கிப் போனவருடையது.