காலை ஊன்றாமல் சைக்கிளில் நின்றவரைக் கண்டிருக்கிறீர்களா?

உப்புவெளிக்காரன்:
திருகோணமலை பஸ் நிலையத்துப் பக்கம் மான்கள் வீதிக்கு இறங்கினால் எல்லாரும் நிற்கத்தான் வேண்டும், தெரியும்தானே. போன மாதம் எனக்கு முன்னால் ஒரு தயிர்க்காரர், கரியரில் இரண்டு பக்கமும் சட்டிகள். நான் காலை ஊன்றிவிட்டேன், அவர் ஊன்றவில்லை. சீட்டிலிருந்து எழும்பி, பெடல் இரண்டும் மட்டமாக, ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பியபடி அப்படியே நின்றார். முன் சக்கரம் மட்டும் ஒரு விரற்கடை முன்னே, ஒரு விரற்கடை பின்னே. சட்டியோடு சட்டி முட்டும் சத்தம்கூட இல்லை. குட்டி மான் ஒன்று அந்த டயரை முகர்ந்துவிட்டுப் போனது. எப்படி ஐயா என்று கேட்காமல் விட்டுவிட்டேனே என்று இன்னும் மனம் அடித்துக்கொள்கிறது.

நிலாவெளித் தம்பி:
அண்ணா, குறை நினைக்க வேண்டாம், அவர் நின்றிருக்க மாட்டார், மெதுவாக உருண்டிருப்பார். சித்திரை விளையாட்டில் மெதுவான சைக்கிள் ஓட்டம் மூன்று வருடம் ஓடியவன் நான். கடைசியாக வருபவருக்குத்தான் பரிசு, கால் பட்டால் வெளியே. எல்லைக்கு ஒரு முழம் இருக்கும்போது நிற்கப் பார்த்தேன், ஹேண்டில் வெடவெடவென்று ஆடி, பெருவிரல் நுனி சுண்ணாம்புக் கோட்டில் பட்டது, விசில் ஊதிவிட்டார்கள். விரலில் ஒட்டிய அந்த வெள்ளையை இப்போதும் மறக்க முடியவில்லை. சாதாரண சைக்கிளில் நிற்க முடியாது.

உவர்மலை:
தம்பி, முடியும். உவர்மலை ஏற்றத்தில் லொறிக்காகப் பத்து விநாடி நின்றேன், என் கதை அவ்வளவுதான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்பிரிண்ட் என்ற குறுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தின் அரையிறுதியில் இத்தாலியின் பெட்டெனெல்லாவும் பிரான்சின் திரெந்தானும் 21 நிமிடம் 57 விநாடி நின்றார்கள், முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவர் அந்த மறைவில் சுகமாக வரலாம், அதனால் இருவருமே முந்த விரும்பவில்லை. சரி, அவர்களுடைய சைக்கிளைப் பின்னாலும் மிதிக்கலாம், நம்முடையது சும்மா சுற்றும். அதற்குத்தான் சரிவு வேண்டும். வீதி நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கிறதல்லவா, அதுவே போதும். மேட்டுப் பக்கம், அதாவது நடுவீதிப் பக்கம் ஹேண்டிலைத் திருப்புங்கள். அந்தப் பக்கம் சாய்கிறீர்களா, லேசாக ஒரு மிதி, சக்கரம் உங்களுக்குக் கீழே வந்துவிடும். மற்றப் பக்கமா, மிதியைத் தளர்த்துங்கள், சைக்கிள் தானே பின்வாங்கும். பிரேக்கை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். சக்கரத்தைப் பார்க்காமல் முன்னால் கிடக்கும் ஒரு கல்லைப் பாருங்கள். ஒரு வாரம் தினமும் மாலையில் பழகுங்கள்.

உப்புவெளிக்காரன்:
இதை வாசித்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. தயிர்க்காரர் இடது ஓரத்தில் நின்றார், சக்கரம் வலது பக்கம், நடுவீதியைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தது.