மறுமொழி: ஸ்கேன் அறிக்கையில் ‘பரவல்’ வேண்டாம்

அன்பர்களுக்கு வணக்கம்.

‘டிஃப்யூஷன்’ (diffusion) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘பரவல்’ போதும் என்று ஏற்காட்டு ஐயா நேற்று எழுதியிருந்தார். பாடப் புத்தகத்துக்குப் போதும். புற்றுநோய் அறிக்கைக்கு ஆகாது.

என் சித்தப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி. எம்.ஆர்.ஐ. எடுத்த இடத்தில் தமிழில் ஒரு விளக்கத்தாள் கொடுத்தார்கள். ‘பரவல் கட்டுப்பட்டுள்ளது’ என்று அதில் இருந்தது. நோய் பரவாமல் நின்றுவிட்டதாக எண்ணி, கோட்டை மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டே வீட்டுக்கு வந்தார். மூல அறிக்கையில் இருந்ததோ ‘ரெஸ்ட்ரிக்டட் டிஃப்யூஷன்’. அது நல்ல சேதி அல்ல.

அங்கே கட்டுப்படுவது நோயல்ல, திசுவில் உள்ள நீர் மூலக்கூறு. இடைவெளி இருந்தால் அது தன்பாட்டுக்கு அங்குமிங்கும் திரியும். புற்றணுக்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடத்தில், ஆடித் திருவிழாக் கூட்டத்தில் சிக்கியவரைப்போல், ஓர் எட்டு வைக்க முடியாது. அந்த இடம் படத்தில் வெளேரென்று தெரியும். கட்டி தசையடுக்குக்குள் இறங்கியிருக்குமா என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் இடும் வைராட்ஸ் (VI-RADS) முறை 2018இல் வந்தது. அதுவும் இந்தப் படத்தைத்தான் பெரிதும் நம்புகிறது.

‘நீர்நகர்வுத் தடை’ என்று முதலில் யோசித்தேன். சிறுநீர்ப்பை நோயாளியிடம் நீரையும் தடையையும் சேர்த்துச் சொன்னால் நீரடைப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆகவே என் முன்மொழிவு: உலவல். ‘உலவல் படிமம்’, ‘உலவல் குறைவு’.

அம்மாப்பேட்டை, சேலம்

* * *

அம்மா, ‘விரவல்’ ஏற்கெனவே இருக்கிறதே, புதிது எதற்கு? ‘உலவல்’ என்றால் எங்கள் ஊர் ஏரிக்கரையில் காற்று வாங்குவதுதான் நினைவுக்கு வருகிறது.

ஏற்காடு

* * *

ஐயா, ஏரிக்கரை நினைவு வரட்டும். போகுமிடம் இல்லாமல் திரிவதுதான் அந்த மூலக்கூறின் வேலையும். விரவலுக்கும் பரவலுக்கும் ஓரெழுத்துதான் வேறுபாடு. கண்புரை உள்ளவர் கைப்பேசியில் படித்தால் என்ன ஆகும்?

இன்னொன்றையும் பாருங்கள். கீமோ பலித்து அணுக்கள் மடிந்தால் இடைவெளி விழும், அடுத்த ஸ்கேனில் மூலக்கூறின் நடமாட்டம் உயரும். அன்று ‘பரவல் கூடியுள்ளது’ என்று எழுதிக்கொடுத்தால் சித்தப்பா அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ‘உலவல் கூடியுள்ளது’ என்றால் ‘அப்படியென்றால் என்ன?’ என்று கேட்பார். கேட்கட்டும்.

‘குறைவா’, ‘ஒடுக்கமா’ என்பதில் மட்டும் எனக்கே இழுபறி இருந்தது. ஒடுக்கம் என்றால் பையே சுருங்கிவிட்டதாகத் தோன்றும். குறைவே இருக்கட்டும்.