பொருள்: மைண்ட்ஃபுல்னெஸ் – தமிழில் என்ன? (வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது)

ந. எழுதியது:

மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனித்திருப்பது பற்றிய எட்டு வாரப் பயிற்சிக் கையேடு ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது. ஜான் கபாட்-ஸின் என்பவர் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய முறை. வாரம் ஒரு வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம். வீட்டில் நாளுக்கு 45 நிமிடம். இடையில் ஒரு முழுநாள் மௌனம். மற்றதெல்லாம் முடிந்தது, தலைப்புதான் இழுக்கிறது. முதல் வரைவில் 'மனநிறைவு' என்று இருந்தது. மூலத்தைக் காட்டாமல் இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொன்னோம்; 'திருப்தி' என்ற பொருளில் திரும்பி வந்தது. 'விழிப்புணர்வு' என்றால் டெங்கு சுவரொட்டி. 'கவனம்' என்றால் ஈரத்தரையில் வைக்கும் பலகை. ஒரு சொல் தாருங்கள்.

செ. எழுதியது:

'விழிப்புணர்வு' என்பதில் டெங்கு மட்டுமல்ல சிக்கல். மணிமேகலை பன்னிரு நிதானங்களை (பௌத்தம் சொல்லும் காரணச் சங்கிலியை) அடுக்கும்போது 'பேதைமை செய்கை உணர்வே அருவுரு வாயில் ஊறே நுகர்வே' என்கிறது. அங்கே உணர்வு என்பது விஞ்ஞானம் (அறிவியல் அல்ல, பொருளை அறியும் மனம்), நுகர்வு என்பது வேதனை (இன்ப துன்ப அனுபவம்). பௌத்தச் சொல்லாட்சியில் உணர்வுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.

மூலச்சொல் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ஸதி, வடமொழியில் ஸ்மிருதி. பாலி நூல்களை ஆங்கிலமாக்கிய ரைஸ் டேவிட்ஸ் 1881-இல் அதைத்தான் மைண்ட்ஃபுல்னெஸ் ஆக்கினார். நீங்கள் கேட்பது நகலுக்கு நகல். ஸதியை நேராக எடுக்கலாமென்றால் தமிழில் அது 'சதி' ஆகிவிடும். 'எட்டு வாரச் சதிப் பயிற்சி' என்று துண்டறிக்கை போட்டால் காவல்துறைதான் முதலில் பதிவு செய்துகொள்ளும்.

புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. புத்தர் சொன்ன எண்வகை நெறியின் ஏழாம் உறுப்பான ஸதியைத் தமிழில் 'நற்கடைப்பிடி' என்று எழுதுகிறோம். 'கடைப்பிடி என்பது கொண்ட பொருள் மறவாமை' – இது இறையனார் களவியலின் பழைய உரை. விசுத்திமக்கம் என்ற பாலி நூல் ஸதிக்குச் சொல்வதையும் பாருங்கள்: இலக்கணம் மிதந்துபோகாமை, தொழில் மறவாமை, வெளிப்படும் விதம் காவல். அதை எழுதிய புத்தகோசர் காஞ்சியில் தங்கியிருந்தவர். இரண்டு இடத்திலும் 'மறவாமை' நிற்பது போதாதா?

இரா. எழுதியது:

ஐயா, பொருத்தம் அபாரம். ஆனால் களவியல் உரையைப் படித்துவிட்டா நோயாளி வருவார்? இன்று 'கடைப்பிடி' என்றால் 'விதிகளைக் கடைப்பிடி'. மருத்துவமனையில் இன்னும் மோசம்: மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவதைத்தான் நினைப்பார்கள். என் பரிந்துரை 'மனவிழிப்பு'. டெங்குவும் இல்லை, உணர்வும் இல்லை.

பொ. எழுதியது:

> என் பரிந்துரை 'மனவிழிப்பு'

மனம் வடமொழி 'மனஸ்' அல்லவா? உள்ளம் இருக்கும்போது எதற்கு? உள் – உள்ளு – உள்கு என்று வளரும் வேர் இது. தேவாரத்தில் 'உள்குவார்' என்று வரும். தியானத்துக்குத் தனித்தமிழர் வழங்கும் 'ஊழ்கம்' இதன் நீட்சியே. 'உள்ளினென் அல்லெனோ யானே உள்ளி நினைந்தனென் அல்லெனோ' என்று குறுந்தொகை 99-இல் ஔவையார் உள்ளுதலையும் நினைத்தலையும் பிரித்தே வைக்கிறார். உள்ளுதல் முந்தியது, நினைத்தல் அதன்மேல் வருவது. வள்ளுவரும் பொச்சாவாமை (மறவாமை) அதிகாரத்தை முடிக்கும்போது 'உள்ளியது உள்ளப் பெறின்' என்கிறார். ஆகவே 'உள்கை' என்று பெயராக்கலாம்.

இரா. எழுதியது:

'உள்கை' என்று அச்சடித்தால் பாதிப்பேர் உள்ளங்கை என்று படிப்பார்கள். அக்குபிரஷர் வகுப்பு என்று கையை நீட்டுவார்கள்.

வா. (யாழ்ப்பாணம்) எழுதியது:

பக்கத்து மொழியையும் ஒருக்கால் பாருங்கோ. சிங்களத்தில் ஸதிக்கு 'சிஹிய'. விகாரையில் பிக்கு சொல்லும் சொல்லும் அதுதான், மயங்கி விழுந்தவரை 'சிஹிய நெத்தி உணா' என்று சொல்வதும் அதுதான். தமிழில் இந்த இரட்டைப் பொருள் 'நினைவு' என்ற சொல்லுக்கு அப்படியே இருக்கு. 'நினைவு தப்பிட்டுது', 'நினைவில்லாமல் கிடக்கிறார்' என்கிறபோது ஞாபகத்தையா சொல்கிறோம்? 'நன்னினைவு' என்று வைத்தால் ஸ்மிருதியும் கெடாது, சனத்துக்கும் விளங்கும்.

செ. எழுதியது:

இதை நான் யோசிக்கவில்லை. கடைப்பிடிக்கு அடுத்தபடி என் வாக்கு இதற்கே.

ந. எழுதியது:

வா. அம்மா, சொல் அழகு, ஆனால் இதே கையேட்டில் மனச்சோர்வு மீளாமல் தடுக்கும் பகுதி ஒன்று வருகிறது. டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றோ அதற்கு மேலோ முறை மனச்சோர்வு கண்டவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினருக்கு அது திரும்ப வந்தது. பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களில் 37. இரண்டே முறை கண்டவர்களுக்குப் பலன் தெரியவில்லை. அந்தப் பயிற்சி தடுக்கப் பார்ப்பதே பழைய நினைவைத் திரும்பத் திரும்ப அரைப்பதை. அவர்களிடம் 'நினைவுப் பயிற்சி' என்றால் நேரெதிராகப் போகும். நினைவாற்றல் வகுப்பு என்று பரீட்சைப் பிள்ளைகளும் வருவார்கள்.

இன்னொன்று: தலைப்புச் சொல்லுக்கு இவ்வளவு சண்டை போடுகிறோம், பயிற்சியில் அது எங்குமே வராது. ஒருவர் எவ்வளவு கவனத்தோடு இருக்கிறார் என்று அளக்கும் 15 கூற்று வினாப்பட்டியலில் எல்லாமே கவனம் தவறுவது பற்றியவை. ஒன்றில்கூட மைண்ட்ஃபுல்னெஸ் என்ற சொல் இல்லை. உண்மையில் தவறு நடப்பது கட்டளை வாக்கியங்களில்.

ஒன்று, 'பாடி ஸ்கேன்'. 'உடல் ஸ்கேன்' என்றால் எவ்வளவு செலவாகும் என்று கேட்பார்கள். கணினிக்காரர்களின் 'வருடல்' போட்டால் கையால் தடவிக்கொள்வார்கள். இடதுகால் விரலில் தொடங்கி உச்சந்தலைவரை கவனத்தை மட்டும் நகர்த்துவது என்பதால் 'உடல்நோட்டம்' என்று வைத்திருக்கிறேன்.

இரண்டு, மூச்சு. 'மூச்சை இழுத்து விடுங்கள்' என்று எழுதினால் நம்மவர் பிராணாயாமத்தில் இறங்கிவிடுவார்கள். கால் மணியில் தலைசுற்றும். ஸதி பற்றிய புத்தர் உரையான சதிபட்டான சுத்தம் சொல்வது நீண்ட மூச்சை நீண்டது என்றும் குறுகியதைக் குறுகியது என்றும் அறி என்பதே, நீட்டச் சொல்லவில்லை. ஆகவே 'மூச்சு வருவதையும் போவதையும் பாருங்கள், மாற்ற வேண்டாம்'.

மூன்று, உலர்திராட்சைப் பயிற்சி. 'சுவைத்துச் சாப்பிடுங்கள்' என்றால் ருசியைப் பற்றிய தீர்ப்பு வந்துவிடுகிறது. பார், தொடு, முகர், நாவில் வை, கடிக்காதே, பிறகு ஒரே கடி என்று தனித்தனி வரியாகப் பிரித்தேன்.

பொ. எழுதியது:

உடல்நோட்டம் நன்று. 'பிராணாயாமம்' என்பதை 'வளிநிலை' என்று திருத்துக.

இரா. எழுதியது:

அது கையேட்டில் இல்லவே இல்லை ஐயா, மின்னஞ்சலில்தான் இருக்கிறது.

ந. எழுதியது:

நாளை காலை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். இதுவரை மனவிழிப்பு நான்கு பேர், நன்னினைவு இரண்டு, உளவிழிப்பு (உள்கையை விட்டுவிட்டு) ஒன்று, நற்கடைப்பிடி ஒன்று. அட்டையில் 'மனவிழிப்பு' போடுகிறேன். முன்னுரையில் ஸதி பற்றிய பத்தியில் நற்கடைப்பிடியும் சிஹியவும் வரும்.

செ. எழுதியது:

விழிப்பு தூக்கத்துக்கு மறுதலை. ஸதி மறதிக்கு மறுதலை. வாக்கெடுப்பில் இது மாறாது. போடுங்கள்.

வா. எழுதியது:

இலங்கைப் பதிப்பு வந்தால் 'நன்னினைவு' எண்டு நாங்கள் மாற்றிக்கொள்ளுவம், சொல்லிவைக்கிறன்.

பொ. எழுதியது:

அட்டையில் 'மனவிழிப்பு பயிற்சி' என்று கண்டேன். மனவிழிப்புப் பயிற்சி. ப் போடுக.